சுழி சுத்தமில்லைன்னு தெரிஞ்சே ஃபால்அவுட் 76 வாங்கலாமுங்களா?

நொய்யல்கரை | வெள்ளி இரவு 11.40

வணக்கமுங்க. திருப்பூரிலிருந்து எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேர். கோவையில் ஒன்றாகப் படித்தவர்கள். வகுப்பில் இருந்த நேரத்தைவிடப் பீளமேட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 ஆடிய நேரம் அதிகம். இப்போது ஒருவன் ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம், ஒருவன் பொள்ளாச்சியில் தோப்பு, ஒருவன் துபாய், நான் பனியன் கம்பெனியில் கணக்கு. கல்யாணம் காட்சியில் பார்த்தால் உண்டு. அதனால் ஞாயிறு ராத்திரி ஒன்பதரைக்கு, குழந்தைகள் தூங்கின பிறகு, சேர்ந்து எதையாவது ஆடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

சுடுகிற போட்டி ஆட்டங்கள் நமக்கு இனி ஆகாது. பதினெட்டு வயசுப் பையன்கள் பந்தாடிவிடுகிறார்கள். எதிரெதிராக நிற்காமல் ஒரே பக்கம் நின்று ஆடுகிற மாதிரி வேண்டும். அணுகுண்டுப் போருக்குப் பிந்திய உலகைக் காட்டுகிற ஃபால்அவுட் தொடரை நால்வருமே பார்த்தோம், அதில் பிடித்த ஆசை இது. அதே உலகில் பலபேர் இணையத்தில் சேர்ந்து ஆடுகிற ஃபால்அவுட் 76 இப்போது தள்ளுபடியில் கிடைக்கிறது.

ஆனால் இணையத்தில் படித்தால் பாதிப்பேர் திட்டுகிறார்கள், மீதிப்பேர் கோவில் கட்டுகிறார்கள்.

எங்கள் அப்பாரு கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு என்னைக் கூட்டிப்போவார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், அப்புறம் துண்டைப் போட்டு அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். ஒரு தடவை எல்லாரும் சுழி சரியில்லை என்று ஒதுக்கின காளையைப் பாதி விலைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். அப்பத்தா சண்டை பிடித்ததற்கு, "சுழியா ஏர் இழுக்கப் போகுது? கால் நொண்டியான்னு பாத்துட்டேன், போ" என்றார். அது பல வருசம் உழைத்தது. (என்னை ஒரு தடவை முட்டியது. அது வேறு கதை.)

என் கேள்வியும் அதேதான். இந்த ஆட்டத்தில் இருப்பது சுழியா, கால் நொண்டியா? ஆடினவர்கள் சொல்லுங்கள்.

---

ஒத்தையடிப்பாதை | சனி காலை 7.05

வேண்டாம்.

---

ஒத்தையடிப்பாதை | சனி காலை 7.31

ஒரு வார்த்தையில் சொன்னால் மரியாதை இல்லை என்று வீட்டில் சொன்னார்கள். விவரமாகவே சொல்கிறேன்.

2018 நவம்பர் 14 அன்று பெதஸ்தா கம்பெனி இதை வெளியிட்டது. நான்காம் பாகத்தைவிட நான்கு மடங்கு பெரிய நிலம் என்று விளம்பரம். அந்த நிலத்தில் ஒரே சமயத்தில் இருபத்து நான்கு ஆட்டக்காரர்கள். பேசுவதற்கு மனிதப் பாத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. செத்தவர்கள் விட்டுப்போன ஒலிநாடாவும் கடிதமும் ரோபோவும்தான் கதை சொல்லும். ஒறம்பரை வீட்டுக்குப் போனால் ஆளில்லாமல் மேசைமேல் சீட்டு எழுதி வைத்திருந்த மாதிரி.

அப்புறம் பை விவகாரம். 200 டாலர் பதிப்பு வாங்கினவர்களுக்குக் கித்தான் பை என்று போட்டிருந்தார்கள். வந்தது நைலான். கேட்டதற்கு, ஆட்டத்துக்குள் செலவழிக்கிற 500 'ஆட்டம்ஸ்' (Atoms) என்கிற காசு தருகிறோம் என்றார்கள், ஐந்து டாலர் மதிப்பு. உலகமே சத்தம் போட்ட பிறகு கித்தான் பை தருகிறோம், புகார்ச் சீட்டுப் போடுங்கள் என்றார்கள். போட்டவர்களின் பெயர், முகவரி மற்றவர்களுக்குத் தெரிகிற மாதிரி அந்தத் தளமே கசிந்தது. சந்தையில் ஒரு வியாபாரி இப்படிச் செய்திருந்தால் அடுத்த வாரம் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியுமா?

கடையில் அலங்காரப் பொருள் மட்டும்தான் விற்போம் என்றவர்கள், 2019-இல் ஆயுதம் பழுதுபார்க்கிற பெட்டியை விற்றார்கள். அதே வருடம் அக்டோபரில் மாதச் சந்தா. உங்கள் அப்பாரு பாஷையில் சொன்னால், இது மாட்டின் சுழி அல்ல, விற்கிறவரின் சுழி.

---

பாட்டில்மூடி | சனி காலை 9.50

ஒத்தையடி அண்ணன் சொன்னதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் எல்லாமே 2018, 2019. ஏழு வருசம் முன்னால் பிஞ்ச செருப்பை இன்னும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

2020 ஏப்ரல் 14-இல் வேஸ்ட்லேண்டர்ஸ் என்று பெரிய சேர்க்கை வந்தது, காசில்லாமல். மனிதப் பாத்திரங்கள் வந்தார்கள், பேச்சுக்குப் பேச்சு பதில் தேர்ந்தெடுக்கிற உரையாடல் வந்தது. அந்த வருசக் கடைசியில் எதிரிகளின் பலம் நம் நிலைக்குத் தகுந்த மாதிரி மாறுகிறபடி செய்தார்கள். உங்களுக்கு இது ரொம்ப முக்கியம் தம்பி. நாலு பேரில் ஒருவன் ஐம்பதாம் நிலை, ஒருவன் ஐந்தாம் நிலை என்றாலும் ஒரே இடத்தில் நின்று ஆடலாம். ஈரோட்டுக்காரர் மஞ்சள் சீசனில் இரண்டு மாதம் வரமாட்டார் அல்லவா? வந்தால் அப்படியே சேர்ந்துகொள்வார். 2024 ஜூனில் நிலத்தையே தெற்கே நீட்டினார்கள்.

ஒரு பழைய பக் (நிரல் கோளாறு) மட்டும் சொல்கிறேன், கேட்டால் சிரிப்பு வரும், காரணமும் புரியும். வெளியீட்டுக்கு முந்திய சோதனைச் சமயத்தில், தரையைப் பார்த்துக்கொண்டு ஓடினால் வேகமாக ஓடலாம் என்று கண்டுபிடித்தார்கள். தலை நிமிர்ந்தால் காடு மலை எல்லாம் வரைய வேண்டும், தரையைப் பார்த்தால் வெறும் மண்தான். கணினிக்கு வேலை குறைந்து நொடிக்கு அதிகப் படச்சட்டம் ஓடும். ஆட்டத்தை ஓட்டுகிற அடிப்படை நிரலுக்கு எஞ்சின் என்று பெயர். இந்த எஞ்சினில் ஆட்டத்தின் இயக்கமே படச்சட்ட வேகத்தோடு கட்டிப்போட்டிருந்தது. தனியாள் ஆட்டத்துக்காக வளர்ந்த எஞ்சின், அங்கே இது வேறு யாரையும் பாதிக்காது. இருபத்து நான்கு பேர் ஒரே உலகில் ஓடும்போது, நல்ல கணினி வைத்திருக்கிறவன் நிஜமாகவே வேகமான கால் உள்ளவன் ஆகிவிட்டான். வேகத்துக்கு வரம்பு போட்டு அதைச் சரிசெய்தார்கள். இந்த ஆட்டத்தின் பாதிப் பிரச்சினை இந்த ரகம். ஒற்றை மாட்டு வண்டியில் நாலு மாட்டைப் பூட்டினது.

சந்தா பற்றி: நான் ஒரு பைசா கட்டியதில்லை. தாராளமாக ஆடலாம்.

---

ஒத்தையடிப்பாதை | சனி காலை 10.22

> நான் ஒரு பைசா கட்டியதில்லை. தாராளமாக ஆடலாம்.

பெட்டி விஷயத்தை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?

தம்பிக்குத் தெரியட்டும். இந்த ஆட்டத்தின் உயிரே பொறுக்குவதுதான். பழைய மேசைவிசிறி, ஒட்டுநாடா, அலாரம் கடிகாரம், எதைக் கண்டாலும் எடுத்து உடைத்து திருகாணியும் பசையும் ஸ்பிரிங்கும் பிரிக்க வேண்டும். அதைப் போட்டு வைக்கிற பெட்டிக்கு எடை வரம்பு. ஆரம்பத்தில் 400, பிறகு 600, 800, 1200 என்று ஏற்றினார்கள். சந்தா கட்டினவருக்கு மட்டும் உடைசலுக்கு வரம்பே இல்லாத தனிப் பெட்டி. வாசலில் பள்ளத்தை வெட்டிவிட்டுத் தாண்டுகிற பலகைக்கு வாடகை கேட்கிற கதை.

தானாக வந்த குறையை மன்னிக்கலாம். வேண்டுமென்றே வைத்த குறை வேறு.

---

பாட்டில்மூடி | சனி காலை 10.40

வரம்பு வந்தது சந்தாவுக்கு ஒரு வருசம் முன்னால் அண்ணா. சேமிக்கிற ஒவ்வொரு பொருளையும் சர்வர் நினைவில் வைக்க வேண்டும், அந்தச் சுமை. பள்ளம் முதலிலேயே இருந்தது. பலகைக்கு வாடகை போட்டது அப்புறம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

எனக்குப் பெட்டி நிறைந்தால் விற்றுவிடுவேன். கடைக்காரப் பாத்திரங்கள் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு நாளைக்கு 1400 மூடிவரை (பாட்டில் மூடிதான் அங்கே காசு) கொடுத்து நம்மிடம் வாங்குவார்கள். சக ஆட்டக்காரர்களும் தங்கள் முகாமில் விற்பனை இயந்திரம் வைத்துக்கொள்ளலாம். புதுசாக வந்தவர்களுக்கு ஒரு உபாயம்: முகாமைத் தண்ணீர்க்கரையில் போட்டு சுத்திகரிப்பான் வையுங்கள். ஆட்டத்துக்குள்ளேயே ஊர் சுற்றிவிட்டு வந்தால் தண்ணீர் நிறைந்திருக்கும், கொண்டுபோய் விற்கலாம். நம்மூரில் கேன் தண்ணீர் வியாபாரம் தெரிந்தவனுக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

---

தறிச்சத்தம் | சனி மதியம் 2.15

நீங்கள் இருவரும் ஆட்டத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். இது உட்காரப் போகிற வீட்டைப் பற்றி யாராவது கேட்டீர்களா?

நான் சோமனூர்ப் பக்கம். தறிகள் ஒன்றாக ஓட ஆரம்பித்தால் எங்கள் வீட்டு மின்விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டும். அந்தச் சிமிட்டலுக்கே என் பழைய யூபிஎஸ் கைவிட்டுவிடும். கணினிக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று என்று இரண்டு வைத்த பிறகுதான் நிம்மதி. முக்கால்வாசிப்பேர் மோடத்துக்கு வைக்க மாட்டார்கள். கணினி ஓடிக்கொண்டிருக்கும், ஆள் மட்டும் ஆட்டத்தில் இருக்க மாட்டான்.

இணையத்தைச் சோதிக்க வேகமானியைப் போட்டு "நூறு எம்பி வருது" என்று சொல்லாதீர்கள். அது படம் இறக்குவதற்கான கணக்கு. கறுப்புத் திரையைத் திறந்து பிங் கட்டளையை நிற்காமல் ஓடவிடுங்கள்; செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லிநொடி என்று அது காட்டும். ஞாயிறு இரவு ஒன்பதரைக்கே ஓடவிடுங்கள், ஏனென்றால் தெருவே படம் பார்க்கிற நேரம் அது. சராசரி எண்ணை நம்ப வேண்டாம். 90, 92, 91 என்று போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் 400 எட்டிப்பார்க்கிறதா, பதிலே வராத வரிகள் எத்தனை, அதைப் பாருங்கள். ஒரே சீராக 220 வந்தால்கூட இந்த மாதிரி ஆட்டத்தை ஓட்டிவிடலாம். 90-க்கும் 400-க்கும் ஊஞ்சலாடினால் எதுவும் ஆட முடியாது.

எங்கள் வீட்டில் போன வருசம் அப்படித்தான் ஊஞ்சலாடியது. இரண்டு மாதம் ஆட்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தால் கேபிள்காரர் வேப்பமரக் கிளையில் கட்டிவிட்டுப் போன ஒயர், ஆடிக்காற்றில் உரசி உரசித் தோல் உரிந்து கிடந்தது. எந்த ஆட்டம் என்று சொல்ல மாட்டேன், அதன்மேல் தப்பில்லை.

---

பாட்டில்மூடி | சனி மதியம் 3.02

தறிச்சத்தம் சொன்னதை நகல் எடுத்துச் சுவரில் ஒட்டலாம். ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பழைய ஃபால்அவுட்களில் வாட்ஸ் என்ற குறிபார்க்கிற வசதி நேரத்தையே நிறுத்தி வைக்கும், இல்லையென்றால் மெதுவாக்கும். இதில் நேரம் நிற்காது, பலபேர் ஆடுகிற உலகில் ஒருவனுக்காக நேரத்தை நிறுத்த முடியாதே. ஆனாலும் குறியை அது பிடித்துக்கொடுக்கும். கை தளர்ந்தவர்களுக்கும் பிங் அதிகமுள்ளவர்களுக்கும் அதுதான் ஊன்றுகோல்.

---

அம்மணி | சனி இரவு 9.18

நான் நூற்றுச் சொச்சம் மணிநேரம் ஆடியிருக்கிறேன். ஒத்தையடி அண்ணனுக்கு அந்தக் கம்பெனிமேல் கோபம், பாட்டில்மூடிக்கு அதன்மேல் பாசம். நான் ஆட்கள் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

எந்த ஆன்லைன் ஆட்டத்திலும் என் குரலைக் கேட்டதும் நடக்கிற கூத்து ஒன்று உண்டு. அதனால் மைக்கை அணைத்துவிட்டுத்தான் நுழைவேன். இதிலும் அப்படியே நுழைந்தேன். பாதாள அறையை விட்டு வெளியே வந்து, குன்று இறக்கத்தில், எதைப் பிடித்துச் சுடுவது என்று தெரியாமல் நிற்கிறேன். இரும்புக் கவசம் போட்ட ஒரு ஆள் எதிரே வந்து நின்றான். போச்சு என்று நினைத்தேன். கையை ஆட்டினான், கீழே ஒரு காகிதப் பையைப் போட்டான், இரண்டடி பின்னால் போய் நின்றான். நான் நகரவில்லை. பையைச் சுட்டிக்காட்டினான். எடுத்துப் பார்த்தால் மருந்து ஊசி, சுத்தமான தண்ணீர், என் நிலைக்கு ஏற்ற துப்பாக்கி. நிமிர்ந்தபோது ஆள் போய்விட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம்தான் தெரிந்தது, அங்கே அது பழக்கம். புதுசாக வருகிறவர்களுக்குப் பழையவர்கள் பை போடுவார்கள். இப்போது நானும் போடுகிறேன். ஒருவரையொருவர் சுட வேண்டாம் என்றால் அமைப்பில் பசிஃபிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

குறையும் உண்டு. கதை முடிந்த பிறகு அதே நிகழ்ச்சிகள் சுற்றிச் சுற்றி வரும். நான் கடைசி இருபது மணிநேரம் ஆடினது பழக்கத்தினால்தான். பிடித்து ஆடவில்லை. வாரம் ஒரு நாள் ஆடுகிற உங்களுக்கு அந்த நிலைமை வர வருசமாகும்.

ஒரு கேள்வி, யாருமே கேட்கவில்லை. நாலு பேரும் எதில் ஆடப்போகிறீர்கள்?

---

நொய்யல்கரை | சனி இரவு 10.01

நாங்கள் மூவரும் கணினி. துபாய்க்காரனிடம் பிளேஸ்டேஷன். ஏனுங்க?

---

அம்மணி | சனி இரவு 10.04

அய்யோ.

இதில் கணினிக்காரரும் பிளேஸ்டேஷன்காரரும் ஒரே உலகில் ஆட முடியாது. வாங்குவதற்கு முன்னால் கேட்டீர்களே, பிழைத்தீர்கள்.

---

ஒத்தையடிப்பாதை | சனி இரவு 10.30

கால் நொண்டி கிடைத்துவிட்டது. கித்தானைப் பற்றி நான் கத்தினது வீண்.

---

பாட்டில்மூடி | ஞாயிறு காலை 8.12

உண்மைதான், இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. துபாய்க்காரரிடம் ஓரளவு ஓடுகிற மடிக்கணினி ஏதாவது?

---

நொய்யல்கரை | ஞாயிறு காலை 8.40

கம்பெனி மடிக்கணினிதான். அதில் சீட்டாட்டம்கூட ஓடாது.

நாலு பேருக்கும் சேர்த்துப் பார்த்து வைத்திருந்தேன், இப்படி ஆகிவிட்டது. வேறு ஆட்டத்துக்குப் போகலாமா என்று யோசிக்கிறோம்.

---

ஒத்தையடிப்பாதை | ஞாயிறு காலை 11.15

வேறு எது என்றாலும் ஒன்றை மனதில் வையுங்கள் தம்பி. சர்வர் அவர்களுடையது. கான்கார்ட் என்று ஒரு ஆட்டம், 2024 ஆகஸ்ட் 23-இல் திறந்தார்கள், செப்டம்பர் 6-இல் மூடினார்கள். நம்மூர் நோம்பிக் கடைகூட அதைவிட அதிக நாள் நிற்கும். காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், அது நியாயம். ஒன்பது வருடத்துக்கு மேல் ஓடின தி க்ரூ ஆட்டத்தை 2024 மார்ச் கடைசியில் நிறுத்தினபோது, வட்டு வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் வட்டு மட்டும்தான் மிச்சம்.

அந்தக் கணக்கில் பார்த்தால் 76 மோசமில்லை. 2018-இலிருந்து நின்றுகொண்டிருக்கிறது, 2024-இல் தொடர் வந்த பிறகு கூட்டம் திரும்ப ஏறியது. இதை நான் எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை.

---

தறிச்சத்தம் | ஞாயிறு மதியம் 1.30

மறு பக்கமும் உண்டல்லவா. ஃபைனல் ஃபேன்டஸி 14 என்கிற ஆன்லைன் ஆட்டம் 2010-இல் வந்து படுத்துவிட்டது. அவர்களே 2012-இல் மூடி, திரும்பக் கட்டி, 2013 ஆகஸ்டில் மறுபடி திறந்தார்கள். இன்றைக்கும் ஓடுகிறது. முதல் வருசம் பார்த்துவிட்டு ஜோசியம் சொல்ல முடியாது.

நொய்யல்கரை, ஸ்டீம் என்கிற இணையக் கடையில் வாங்கினால் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணிநேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் முகத்துக்கு மூக்கு வைக்கிறேன் என்று முக்கால் மணிநேரம் உட்காராதீர்கள். அதுவும் கணக்கில் ஓடும்.

---

நொய்யல்கரை | மூன்றாவது ஞாயிறு, இரவு 12.50

எல்லாருக்கும் நன்றிங்க. என்ன ஆச்சு என்று சொல்லிவிடுகிறேன்.

மூன்று பேர் வாங்கினோம். துபாய்க்காரன்தான் வாங்கச் சொன்னான். டிஸ்கார்ட் என்கிற அரட்டைச் செயலியில் ஈரோட்டுக்காரன் தன் திரையைக் காட்டுகிறான், இவன் அங்கே கபாப் தின்றுகொண்டே பார்த்து, "லெஃப்ட்ல பெட்டி, லெஃப்ட்ல பெட்டி" என்று கத்துகிறான். பிரவுசிங் சென்டரிலும் அவன் இப்படித்தான், காசு தீர்ந்ததும் எங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஆடுவான்.

முதல் ராத்திரி பொள்ளாச்சிக்காரன் வீட்டில் கரண்ட் போனது, மோடத்துக்கு யூபிஎஸ் இல்லை. தறிச்சத்தம் அண்ணன் எழுதினதை அப்போதுதான் படித்துக் காட்டினேன். இரண்டாவது வாரம் ஆற்றங்கரையில் முகாம் போட்டோம், சுத்திகரிப்பான் இரண்டு. அடுத்த வாரம் வந்து பார்த்தால் அதே இடத்தில் வேறு யாரோ முகாம் போட்டிருந்ததால், எங்கள் முகாமை அந்த உலகில் வைக்க முடியாது என்று செய்தி. ஈரோட்டுக்காரன் "பட்டா இல்லாத இடம்டா" என்றான். வேறு உலகத்துக்கு மாறிப் போட்டோம்.

அம்மணி அக்கா, பை கிடைத்தது! மூன்று பேருக்கும் தனித்தனியாக.

இரண்டு மணிநேரம் தாண்டிவிட்டது, இனித் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. ஒரு குறை, குழுவுக்கு நாலு பேர், எங்களுக்கு ஒரு இடம் சும்மா கிடக்கிறது.

---

ஒத்தையடிப்பாதை | திங்கள் காலை 6.48

என் கணக்கில் ஒரு பிரதி தூசி படிந்து கிடக்கிறது. எந்த வருடம் வாங்கினேன் என்று யாரும் கேட்க வேண்டாம்.

ஞாயிறு எத்தனை மணி என்றீர்கள்?

---

நொய்யல்கரை | திங்கள் காலை 6.55

ஒன்பதரைங்கண்ணா. சோறு உண்டுட்டு வாங்க. உங்க பெட்டியில் இடமிருந்தால் சொல்லுங்க, எங்களுடையது இப்பவே நிறைஞ்சு போச்சு.